செவுளைத் திறந்து காட்டுங்க, ராத்தா

பரீட்சை ராத்தாவுக்கு. களைப்பு ஸம்ஸியாவுக்கு.

ஸம்ஸியா ஆறாம் தரம் படிக்கிறாள். காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் மதரசா. இரண்டும் முடிந்து மன்னார்த் தீவின் தாராபுரத்து வீட்டுக்கு வந்தால், முற்றத்து வேப்பமரத்தின் கீழ் பாயை விரித்துச் சும்மா படுத்துக்கிடக்க வேண்டும் என்று ஆசைப்படுவாள். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் அவள் பாயில் முதுகைச் சாய்த்ததும், அவள் ராத்தா என்று கூப்பிடும் அக்கா சரீபா கதிரையை இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

"கேள்வியக் கேளு," என்பாள்.

சரீபா பத்தாம் தரம். ஆங்கில இலக்கியத்தை ஒரு பாடமாக எடுத்திருந்தாள். அந்தப் பாடத்தில் ஒரு கவிதை இருந்தது. வயதான தபால்காரர் ஒருவர், ஒரு மலைத்தெருவில் வீடு வீடாகப் போய்க் கடிதம் கொடுக்கிறார். அவருக்கு மட்டும் ஒருநாளும் கடிதம் வருவதில்லை. கவிதை முழுவதும் அவ்வளவுதான். அதைப் பற்றி ரியூசன் சேர் கொடுத்த நோட்ஸ் மட்டும் கட்டுரைப் புத்தகம் போலக் கனத்தது.

ஸம்ஸியாவின் வேலை பழைய வினாத்தாளைப் பார்த்துக் கேள்விகளை வாசிப்பது. அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். பாதி விளங்கும், மீதியை ராத்தா எப்போதாவது நல்ல மனநிலையில் இருந்தால் சொல்லித் தருவாள். அந்த ஆடி மாதத்தில் ராத்தா நல்ல மனநிலையில் இருந்ததே இல்லை. சோளகக் காற்று மணலை அள்ளி முகத்தில் எறிந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தால் பல்லில் மணல் கடிபட்டது. அந்தக் காற்றுக்குள்ளும் ராத்தா கண்களை மூடிக்கொண்டு ஒப்புவிப்பாள்.

"இந்தக் கவிதையை எழுதியவர் ஒரு குளிர் நாட்டில் பிறந்தவர்..."

இப்படி ஆங்கிலத்தில் தொடங்கினால் நோட்ஸ் முடியும்வரை நிறுத்த மாட்டாள். நடுவில் யாராவது தும்மினாலும் தொலைந்தது, மறுபடியும் குளிர் நாட்டிலிருந்து வர வேண்டும். ஒருநாள் வேலியோரம் நின்ற கழுதை பெரிதாகக் கத்திவிட்டது. ராத்தா கவிஞரைத் திரும்பவும் பிறக்க வைத்தாள். ஸம்ஸியாவுக்கு அழுகை வந்தது.

ஆங்கில மொழிப் பாடத்திலும் இதே கதைதான். கட்டுரைக்கு என்று ராத்தா 'கண்டிக்கு ஒரு பயணம்' என்பதைப் பாடமாக்கி வைத்திருந்தாள். போன தவணைப் பரீட்சையில், உங்கள் ஊர்ச் சந்தையைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். ராத்தா சந்தைக்குப் போகும் வழியில் பஸ்ஸைக் கண்டிக்குத் திருப்பிவிட்டாள். அவள் கண்டிக்கு ஒருநாளும் போனதில்லை.

சிரிக்கக்கூடிய விசயம்தான். ஆனால் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. போன தவணை இலக்கியத்தில் ராத்தாவுக்கு மிகவும் குறைந்த புள்ளி. விடைத்தாளின் மேலே, 'கேட்ட கேள்விக்கு விடை எழுதவும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. பாடம் படிப்பிக்கும் நிறஞ்சலா ரீச்சர் நல்லவர். அவர் ராத்தாவைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தத் தவணையும் இப்படி வந்தால் வேறு பாடத்துக்கு மாறுவதுதான் நல்லது, பிறகு மாற விடமாட்டார்கள் என்று மெதுவாகச் சொல்லியிருந்தார்.

உம்மாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. மனைப்பொருளியல் எடுக்கலாம், அது லேசு, வீட்டுக்கும் உதவும் என்றார். ராத்தா சாப்பிடாமல் எழுந்து போனாள்.

ஸம்ஸியா பின்னாலேயே போய்ப் பார்த்தாள். ராத்தா தலையணையில் முகத்தைப் புதைத்துக் கிடந்தாள்.

"மத்ததெல்லாம் நான் படிக்கிற பாடம்," என்று தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. "இது ஒண்டுதான் எனக்கு விருப்பமான பாடம். அதையும் எடுக்கப் போறாங்க."

ஸம்ஸியாவுக்கு ராத்தாமேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. களைப்பு மட்டும் போகவில்லை.

போன தவணை குறைவாக எழுதியதுதான் பிழை என்று ராத்தா நினைத்தாள். பரீட்சையில் கொடுத்த தாள் முடிந்தால் மேலதிகத் தாள் கேட்டு வாங்கலாம். எல்லாவற்றையும் சேர்த்து மூலையில் நூலால் கட்டிக் கொடுக்க வேண்டும். போன தவணை கட்டியதைவிட இரண்டு மடங்கு கட்டப்போவதாக ராத்தா சொன்னாள். அதற்காகக் கடையில் ஒரு புது நூற்கட்டையே வாங்கி வைத்திருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஸம்ஸியாவுக்குக் கொட்டாவி வந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் ஸம்ஸியாவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

அவள் முதலாவது கேள்வியை வாசித்தாள். தபால்காரர் கடைசி வீட்டு வாசல் படலையில் ஏன் மெதுவாக நடக்கிறார்? ராத்தா குளிர் நாட்டிலிருந்து தொடங்கி முடித்தாள். இரண்டாவது கேள்வி. தபால்காரர் களைத்துப்போயிருக்கிறார் என்பது எப்படித் தெரிகிறது? ராத்தா கண்களை மூடினாள். குளிர் நாடு.

"ராத்தா," என்றாள் ஸம்ஸியா. "ரெண்டுக்கும் ஒரே விடையத்தானே சொல்றீங்க?"

"உனக்கு இங்கிலீஸ் விளங்குமா?"

"எல்லாம் விளங்காது. ஆனா அதேதான் எண்டது விளங்குது."

ராத்தா முறைத்தாள். நோட்ஸில் எல்லாக் கேள்விக்கும் விடை இருக்கிறது என்றாள். முழுவதையும் எழுதினால் அவர்கள் கேட்டதும் அதற்குள் எங்கேயாவது இருக்கும்தானே, ரீச்சர் தேடி எடுக்கட்டும் என்றாள். ஸம்ஸியாவுக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் எது பிழை என்று சொல்லத் தெரியவில்லை. வாயாடுவதற்கு உடம்பில் தெம்பும் இல்லை. மூன்றாவது கேள்வியை வாசித்தாள். கவிஞர் மறுபடியும் பிறந்தார்.

அடுத்தநாள் சனிக்கிழமை. உம்மா சோற்றுப் பார்சலைக் கொடுத்து ஸம்ஸியாவை மன்னார் ரவுணுக்கு அனுப்பினார். வாப்பா றஊப் அங்கே சந்தையில் மீன் கடை வைத்திருந்தார். ஸம்ஸியா போய்ச் சேரும்போது லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. தொழுதுவிட்டு வந்து சாப்பிடுவதாகவும், அதுவரை கடையைப் பார்த்துக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டு வாப்பா பள்ளிவாசலுக்குப் போனார். அந்த நேரத்தில் சந்தையில் பெரிதாக ஆட்கள் இல்லை. ஸம்ஸியா கவிழ்த்து வைத்த பெட்டிமேல் குந்தி, மீனில் மொய்த்த இலையானைக் கலைத்தாள்.

வெள்ளைக் குடை பிடித்த ஒரு பெண் வந்து நின்றார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி. வெயிலில் நடந்து களைத்த முகம்.

"பிள்ளை, இந்த விளைமீன் இண்டைக்கு வந்ததோ?"

ஸம்ஸியா துள்ளி எழுந்தாள். வாப்பா வருவதற்குள் தான் ஒரு மீனாவது விற்றுவிட வேண்டும் என்று நினைத்தாள். மீனைப் பற்றித் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினாள். விளைமீன் பாறையடியில் வாழும் என்றாள். இப்போது சோளகம் என்பதால் தென்கடலில் வள்ளம் இறக்கமாட்டார்கள், வடகடலில்தான் தொழில் நடக்கும் என்றாள். வாப்பா சுபஹு தொழுத கையோடு பேசாலைக்குப் போய் மீன் எடுப்பார், ஐஸ் விலை கூடிவிட்டது, விளைமீனைப் பொரித்தால் ருசி, குழம்பும் வைக்கலாம்...

குடைக்காரப் பெண் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"நான் கேட்டது இண்டையான் மீனோ எண்டு," என்று சொல்லிவிட்டு அடுத்த கடைப்பக்கம் திரும்பினார்.

ஸம்ஸியா சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அவ்வளவு சொல்லியும் அந்தப் பெண் போகிறாரே. ஏன் போகிறார் என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு ஓடிப்போய் மீனைத் தூக்கினாள்.

"அன்ரி, ஓம். இண்டைக்கு விடியத்தான் வந்தது. இஞ்ச பாருங்கோ."

மீனின் செவுளை விரலால் திறந்து காட்டினாள். உள்ளே நல்ல சிவப்பாக இருந்தது.

அந்தப் பெண் குனிந்து பார்த்தார். மீனின் முதுகை ஒரு விரலால் அழுத்தியும் பார்த்தார். பிறகு இரண்டு விளைமீன் வாங்கிக்கொண்டு, இதை முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை என்று சிரித்துக்கொண்டு போனார்.

ஸம்ஸியா பெட்டியில் உட்கார்ந்தாள். இலையான் மொய்த்தது, அவள் கலைக்கவில்லை. நிறஞ்சலா ரீச்சரைப் பற்றி நினைத்தாள். வகுப்பு முழுவதற்கும் திருத்த வேண்டும். அதில் ராத்தாவின் தாளைத் திருப்பத் திருப்பக் குளிர் நாடு. ரீச்சரும் கால்மாறி நின்று பெருமூச்சு விட்டிருப்பார். பாவம் ரீச்சர்.

அன்று பின்னேரம் ராத்தா கதிரையோடு வந்தபோது ஸம்ஸியா பாயில் படுக்காமல் எழுந்து நின்றாள்.

"இண்டைக்கு நான் மீன் வாங்க வந்த ஆள். நீங்க கடைக்காரர். அப்பிடியெண்டாத்தான் கேள்வி கேப்பன்," என்றாள்.

விளையாட நேரமில்லை என்றாள் ராத்தா. அப்படியென்றால் தான் படுக்கப்போவதாக ஸம்ஸியா சொன்னாள். கேள்வி கேட்க வேறு யாரும் இல்லை. வேலியில் கழுதை ஒன்று நின்றது, அதற்கு வாசிக்கத் தெரியாது. ராத்தா வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தாள்.

"தபால்காரர் களைச்சுப்போயிருக்கிறார் எண்டு எப்பிடித் தெரியும்?"

"இந்தக் கவிதையை எழுதியவர் ஒரு குளிர் நாட்டில்..."

"நான் அடுத்த கடையில வாங்கிறன்," என்று ஸம்ஸியா வேலிப்பக்கம் நடந்தாள்.

ராத்தா கூப்பிட்டாள். ஸம்ஸியா திரும்பி வந்து அதே கேள்வியைக் கேட்டாள். மறுபடியும் குளிர் நாடு. மறுபடியும் ஸம்ஸியா வேலிக்குப் போனாள். மூன்றாம் முறை கழுதைக்குப் பக்கத்தில் போய் நின்று, வர மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"களைச்சுத்தான் இருக்கிறார். அதுக்கென்ன இப்ப?" என்று ராத்தா எரிந்து விழுந்தாள்.

"அது சரி. செவுளைத் திறந்து காட்டுங்க."

"என்ன செவுள்?"

ஸம்ஸியா வந்து பாயில் உட்கார்ந்து, குடைக்காரப் பெண்ணின் கதையைச் சொன்னாள். நல்ல மீன் என்று சொன்னால் மட்டும் யாரும் வாங்க மாட்டார்கள். செவுளைக் காட்ட வேண்டும். களைத்திருக்கிறார் என்று சொன்னால், அது கவிதையில் எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும். மற்றதெல்லாம் ஐஸ் விலை.

ராத்தா நோட்ஸைக் கீழே வைத்தாள். காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் செருப்பை வைத்தாள். பிறகு பாடப்புத்தகத்தை எடுத்துக் கவிதையை விரித்தாள். இவ்வளவு நாளும் அந்தப் பக்கத்தை அவள் திறக்கவே இல்லை என்பது அப்போதுதான் ஸம்ஸியாவுக்குத் தெரிந்தது.

"ஒவ்வொரு படலையிலும் பையை மத்தத் தோளுக்கு மாத்துறார்," என்றாள் ராத்தா மெதுவாக. "ரெண்டு தோளும் நோகுது. அதுதான் மாத்தி மாத்திப் போடுறார்."

"வாப்பாவும் அப்பிடித்தான். ஐஸ் பெட்டியத் தூக்கிக்கொண்டு வரக்க கை மாத்துவார்."

"ஓம்," என்றாள் ராத்தா. அவளுடைய குரல் மாறியிருந்தது.

அவள் தாளை எடுத்து அதை ஆங்கிலத்தில் எழுதினாள். மூன்று வரிதான் வந்தது. இவ்வளவுதானா என்பது போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காணுமா?"

"நான் வாங்கிற்றன்," என்றாள் ஸம்ஸியா.

அன்றிலிருந்து முற்றம் மீன் கடையானது. வேலிக்கும் பாய்க்கும் நடந்து நடந்து ஸம்ஸியாவுக்குக் கால் கடுத்தது. ராத்தாவும் லேசில் விடவில்லை. மறந்துபோய்க் குளிர் நாட்டில் தொடங்குவாள், தங்கை எழுந்து நடப்பதைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொள்வாள். குசினியிலிருந்து உம்மா, மீன் வாங்கியது காணும், சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிடுவார். உம்மா இன்னும் மனைப்பொருளியல் பக்கம்தான்.

பரீட்சைக்கு முதல்நாள் ஒரு கேள்வியில் ராத்தா மாட்டிக்கொண்டாள். அந்தத் தபால்காரரைச் சந்திக்க உங்களுக்கு விருப்பமா? காரணம் தருக. நோட்ஸில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

"இது வந்தா நான் என்னத்த எழுதுறது?" ராத்தாவின் முகம் வெளிறிவிட்டது.

"உங்களுக்கு விருப்பமா?"

"ஓம்."

"ஏன்?"

ராத்தா புத்தகத்தை எடுத்துக் கவிதையை முதலிலிருந்து வாசித்தாள். வேப்பம் பழம் ஒன்று மடியில் விழுந்தது, அதைக்கூடத் தட்டவில்லை.

"நான் அவருக்கு ஒரு கடிதம் குடுப்பன்," என்றாள். "அவர்ட பேரப் போட்டு, அவர்ட கையிலயே குடுப்பன்."

உடனே வாங்கிவிட ஸம்ஸியாவுக்கு ஆசை வந்தது. என்றாலும் கடமையை விடவில்லை. "செவுள்?" என்று கேட்டாள்.

"கடைசி வரியில எல்லாற்ற பேரையும் வாசிக்கிறார். மலையில இருக்கிற ஒவ்வொரு ஆளின்ட பேரும் அவருக்குத் தெரியும். அவர்ட பேர் மட்டும் கவிதையில எங்கயும் இல்ல. நான் தேடிப் பாத்தன்."

ஸம்ஸியா வாங்கிக்கொண்டாள்.

பரீட்சையன்று மத்தியானம் ராத்தா நூற்கட்டையைக் கையில் பிடித்தபடி வீட்டுக்கு வந்தாள். கட்டையில் ஒரு முழம் நூல்கூடக் குறையவில்லை. முகம் பேயறைந்தது போல இருந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளை மேலதிகத் தாள் வாங்கி வாங்கிக் கட்டினாளாம். ராத்தா ஒரு தாள்கூட வாங்கவில்லையாம். பாதியில் பயம் வந்து, கவிஞர் குளிர் நாட்டில் பிறந்தவர் என்று எழுதப் பேனையை வைத்தாளாம்.

"பிறகு?" என்றாள் ஸம்ஸியா.

"நீ எழும்பி வேலிக்குப் போற மாதிரிக் கிடந்திச்சு. விட்டுட்டன்."

அதன் பிறகு காத்திருப்பு. கேள்வி கேட்பதைவிடக் காத்திருப்பது ஸம்ஸியாவை அதிகம் களைக்க வைத்தது. தன்னுடைய விளையாட்டால் ராத்தாவின் பாடம் போய்விடுமோ என்று பயந்தாள். ராத்தா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஒருநாள் பின்னேரம் ஸம்ஸியா மதரசாவிலிருந்து வரும்போது ராத்தா படலையடியில் நின்றாள். விடைத்தாளை நீட்டினாள். ஸம்ஸியா முதலில் புள்ளியைத் தேடினாள். அது போன தவணையைப் போல இரண்டு மடங்கு. அதற்குக் கீழே, தொடர்ந்து இதையே படிக்கவும் என்று நிறஞ்சலா ரீச்சர் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார்.

ஸம்ஸியா அந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோசத்தில்தான். ஆனால் கால்களும் ஒரு காரணம்.

"இன்னும் இருக்கு. கடைசிப் பக்கத்தப் பார்," என்றாள் ராத்தா.

கடைசிப் பக்கத்தில், பரீட்சைக்கு முதல்நாள் ராத்தா மாட்டிக்கொண்ட அந்தக் கேள்விதான். தபால்காரரின் பெயரைப் போட்டு அவர் கையில் கடிதம் கொடுப்பேன் என்று ராத்தா எழுதிய விடைக்கு முழுப்புள்ளி. அதற்குக் கீழே, சிவப்பு மையில், ரீச்சரின் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஸம்ஸியா எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

'இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.'

அவள் ராத்தாவைப் பார்த்தாள். ராத்தா அவளைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து அடக்க முடியவில்லை. கழுதை பயந்து வேலியை விட்டு ஓடியது. உம்மா அகப்பையோடு வெளியே வந்து, என்ன கூத்து என்று கேட்டு, தாளை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மனைப்பொருளியல் சமையலை வீட்டில் தானே சொல்லிக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று இரவுச் சாப்பாட்டில் ராத்தாவின் சோற்றுக் கோப்பையில்தான் பெரிய மீன் துண்டு விழுந்தது.

நூற்கட்டையை வாப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். நண்டின் காலைக் கட்ட நல்ல நூல் என்றார்.

அடுத்தநாள் பின்னேரம் காற்றும் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. ஸம்ஸியா வேப்பமரத்தின் கீழ் பாயை விரித்தாள். முதுகைச் சாய்த்தாள். இவ்வளவு நாளும் ஆசைப்பட்ட படுக்கை. கண்ணை மூடியதும் மணலில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"அடுத்த தவணைக்கு ஒரு சிறுகதை இருக்கு. நல்ல கதை. கேள்வியக் கேளு," என்றாள் ராத்தா.

ஸம்ஸியா கண்ணைத் திறக்கவில்லை.

"கடை பூட்டியாச்சு, ராத்தா. நாளைக்கு வாங்க."